டாசு தளத்தில் ஈமாக்சு: இல்லாதவற்றின் மேல் எழுந்த உரைதிருத்தி

எந்த நிரலும் தனக்குக் கீழே உள்ள இயங்குதளத்தை நம்பியே எழுதப்படுகிறது. கேட்ட அளவு நினைவகம் கிடைக்கும், கோப்புக்கு விரும்பிய பெயரை இடலாம், ஒரு பணி நடக்கும்போதே இன்னொன்றையும் நடத்தலாம் என்பன போன்ற நம்பிக்கைகள் அவை. நிரலின் வரிகளில் இவை எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை பொய்க்கும் தளம் ஒன்றுக்கு நிரலைக் கொண்டுபோகும்போதே ஒவ்வொன்றாக வெளிப்படும். யூனிக்சில் வளர்ந்த குனூ ஈமாக்சு என்னும் உரைதிருத்தி, தன்னினும் மூத்ததும் எளியதுமான எம்எசு-டாசு தளத்தில் குடியேறிய வரலாறு இதை நன்கு காட்டுகிறது.

குனூ ஈமாக்சை ரிச்சர்டு இசுட்டால்மன் 1985இல் வெளியிட்டார். அதன் உட்கரு சி மொழியில் எழுதப்பட்ட ஒரு லிசுப்பு மொழிபெயர்ப்பி. திருத்தும் பணிகளில் பெரும்பகுதி அந்த லிசுப்பிலேயே எழுதப்பட்டது. ஆகவே அது வெறும் உரைதிருத்தியன்று. தனக்கென ஒரு மொழியையும் நினைவக மேலாண்மையையும் கொண்ட பெரிய அமைப்பு. டாசு தளமோ 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனிக்கணினியோடு வந்தது. அக்கணினியின் 8088 நுண்செயலி ஒரு மெகாபைட்டு வரையே முகவரி இடவல்லது. அதிலும் மேற்பகுதி திரைக்கும் நிலைநினைவகத்துக்கும் போக, நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட்டு. அந்த இடத்தையும் ஒரே பரப்பாகக் காண இயலாது. 64 கிலோபைட்டுத் துண்டுகளாகவே கையாள வேண்டும். எட்டு மெகாபைட்டை விழுங்கிய பின்னும் ஓயாமல் வட்டுக்கு ஓடுவது என்பதே ஈமாக்சின் பெயர் விரிவு என்று யூனிக்சு உலகிலேயே கேலி பேசினார்கள். அத்தகைய ஒன்றை 640 கிலோபைட்டில் அடைப்பது எண்ணிப்பார்க்கக் கூடியதாகவே இல்லை.

வழி வன்பொருளிலிருந்து பிறந்தது. 1985இல் வந்த இன்டெலின் 80386 நுண்செயலி 32 பிட்டு முகவரியும் பக்கமுறை நினைவகமும் கொண்டது. ஆனால் டாசு அதைச் சற்றே விரைவான 8088 ஆகவே நடத்தியது. 1989 அளவில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி யூனிக்சுப் பயனர் கூட்டம் ஒன்றில் இசுட்டால்மன் பேசியபோது, அவரது குனூ திட்டத்தின் சி மொழிமாற்றி டாசுக்கு வருமா என்று டி.ஜே. டெலோரி என்ற நிரலாளர் கேட்டார். மொழிமாற்றி மிகப் பெரியது, டாசோ 16 பிட்டுத் தளம், எனவே ஆகாது என்பது விடை. டெலோரி அதையே அறைகூவலாக ஏற்றுப் பணியைத் தொடங்கினார். அப்பணியின் விளைவே டிஜேஜிபிபி என்னும் மொழிமாற்றித் தொகுதி. நிரலாளர்களின் பிடிவாதத்துக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

டெலோரியின் தீர்வில் நிரல் 80386இன் காப்பு முறைமையில், துண்டுகளற்ற 32 பிட்டுப் பரப்பில் ஓடும். டாசு பழைய மெய்ம்முறைமையிலேயே கீழே கிடக்கும். கோப்பைப் படிக்க வேண்டுமானால் நுண்செயலி ஒரு கணம் பழைய முறைமைக்கு இறங்கி, டாசிடம் பணியை ஒப்படைத்து, மீண்டும் மேலேற வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள முகவரிகள் டாசுக்குத் தெரியா. எனவே அடிநினைவகத்தில் ஓர் இடைத்தாங்கி வைக்கப்பட்டது. பின்னைய பதிப்பில் அதன் வழக்கமான அளவு 16 கிலோபைட்டு. வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டும் முதலில் அதில் இறங்கி, பிறகே மேலே படியெடுக்கப்படும். நினைவகம் போதாதபோது பக்கங்களை வட்டுக்குத் தள்ளி மீட்கும் வேலையையும் டாசுக்குத் தெரியாமலே இந்த இடையடுக்கு செய்தது. இயங்குதளத்தின் கடமைகளுள் பாதியை நிரலே தன்னுடன் சுமந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அடித்தளத்தின் மேல் முதலில் சப்பானியர் ஈமாக்சின் 18ஆம் பதிப்பை டாசுக்குக் கொண்டுவந்து டீமாக்சு என்று பெயரிட்டனர். பின்னர் 19ஆம் பதிப்புத் தொடரில் டாசு ஆதரவு மூல நிரலிலேயே இடம்பெற்றது. நினைவகச் சிக்கல் தீர்ந்ததும் உண்மையான தொல்லைகள் தலைகாட்டின. அவை அளவைப் பற்றியவை அல்ல, வழக்கங்களைப் பற்றியவை.

கோப்புப் பெயரையே பாருங்கள். டாசில் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து, அவ்வளவே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் இல்லை. பெயர் புள்ளியில் தொடங்கக் கூடாது. ஈமாக்சின் வழக்கங்களோ இவ்வொவ்வொன்றோடும் மோதின. பயனரின் தொடக்கக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவது. கோப்பைச் சேமிக்கும்போது பழைய வடிவைக் காக்கும் படிக்கு, பெயரின் இறுதியில் ~ என்ற குறியைச் சேர்ப்பது ஈமாக்சின் மரபு. தானாகச் சேமிக்கும் படிக்கோ பெயரின் இருபுறமும் # வரும். பெயரும் பின்னொட்டும் முன்பே நிரம்பியிருந்தால் இக்குறிகளுக்கு இடம் எங்கே?

முதற்புள்ளி அடிக்கோடாக மாற்றப்பட்டது. பயனர் பழைய பெயரைச் சொன்னாலும் ஈமாக்சு புரிந்துகொண்டு சரியான கோப்பைத் திறக்கும். காப்புப்படிக்கோ பின்னொட்டின் மூன்றாம் எழுத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ~ இடப்பட்டது. அடைவுகளைப் பிரிக்க டாசு பின்சாய்கோட்டைக் கேட்கும், யூனிக்சு முன்சாய்கோட்டை. ஈமாக்சு இரண்டையும் ஏற்றது. இவையெல்லாம் நல்ல தழுவல்கள் என்பதில் ஐயமில்லை. பயனர் எதையும் இழக்கவில்லை, தேவையற்ற எதையும் கற்கவும் இல்லை.

நீண்ட பெயர்களில்தான் எனக்கு உடன்பாடு குறைகிறது. பன்னிரண்டு எழுத்துப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் டாசு மறுப்பதில்லை. எட்டுக்கு மேற்பட்டதை ஓசையின்றி வெட்டிவிடும். ஈமாக்சின் நிலைவரியிலோ முழுப்பெயரே தெரியும். முதல் எட்டெழுத்தும் பின்னொட்டும் ஒத்த இரு பெயர்களைத் தந்தால் இரண்டும் வட்டில் ஒரே கோப்பு, திரையிலோ இரண்டு. ஆகாது என்று உரக்கச் சொல்லும் தளத்தைவிட, ஆகும் என்று தலையசைத்துவிட்டு வேறொன்றைச் செய்யும் தளமே ஆபத்தானது. இத்தொல்லை பயனரோடு நிற்கவுமில்லை. ஈமாக்சின் சொந்த மூலக்கோப்புகளே டாசு வட்டில் ஒன்றையொன்று அழித்துவிடக் கூடாது. பெயர்கள் அவ்வாறு மோதுகின்றனவா என்று ஆராய டெலோரி ஒரு சிறு நிரல் எழுதினார். யூனிக்சில் புதிய கோப்பு ஒன்றுக்குப் பெயரிடுபவரும் டாசின் எட்டெழுத்தை நினைவில் கொள்ள வேண்டியதாயிற்று.

வரி முடிவிலும் இரு தளங்களும் ஒத்துப்போகவில்லை. யூனிக்சில் வரியை முடிக்க ஒரே குறியெழுத்து; டாசில் இரண்டு. அதற்கும் மேல், 26ஆம் எண் கொண்ட குறியெழுத்தைக் கண்டால் உரை முடிந்தது என்று கொள்ளும் பழக்கம் டாசுக்கு உண்டு. கோப்பின் நீளத்தை 128 பைட்டுக் கட்டுகளாக மட்டுமே அறிந்த சிபி/எம் என்னும் முன்னோரிடமிருந்து வந்த மரபு அது. உரைக்கோப்பைப் படிக்கும்போது மிகை எழுத்தை நீக்குவது சரி. படக்கோப்பிலோ இயங்குகோப்பிலோ அதையே செய்தால் கோப்பு பாழாகும். கோப்பு எவ்வகையினது என்று டாசும் சொல்லாது. தொடக்கத்தில் ஈமாக்சு கோப்பின் பெயரைப் பார்த்தே வகையை ஊகித்தது. 1997இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து உள்ளடக்கத்தையே நோக்கி வரி முடிவைக் கண்டறிந்து, சேமிக்கும்போது அதே வடிவில் எழுதியது.

ஒரே நேரத்தில் ஒரே பணி என்பதே டாசின் இயல்பு. இதை மூடிமறைக்க வழியே இல்லை. யூனிக்சு ஈமாக்சில் ஒரு சாளரத்தில் கட்டளைச் செயலி ஓடும். இன்னொன்றில் மொழிமாற்றம் நடக்கும். நீங்கள் மூன்றாவதில் எழுதிக்கொண்டிருக்கலாம். டாசில் கட்டளைச் செயலியை உள்ளே வைத்து உரையாடும் வசதி கைவிடப்பட்டது. கேட்டால், இத்தளத்தில் இயலாது என்ற அறிவிப்பு வரும். மொழிமாற்றமும் கோப்புத் தேடலும் மட்டும் மாற்று வடிவில் காக்கப்பட்டன. துணைநிரல் ஓடி முடியும்வரை ஈமாக்சு காத்து நின்று, பிறகு விளைவைக் காட்டும். கட்டளை வரி 126 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது என்ற டாசின் தடையைக் கடக்க, டெலோரியின் தொகுதியில் உருவான நிரல்கள் தமக்குள் வேறு வழியில் நீண்ட கட்டளைகளைக் கைமாற்றிக்கொண்டன. அடைவைப் பட்டியலிடும் யூனிக்சு நிரல் டாசில் இல்லை. அதன் வேலையை முழுக்க லிசுப்பிலேயே எழுதிவிட்டார்கள். தனக்கென ஒரு மொழி வைத்திருந்ததன் பயன் இங்கே தெரிந்தது.

ஓடும் கட்டளையை இடையில் நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈமாக்சில் கன்ட்ரோல் விசையோடு ஜி-யை அழுத்தினால் எதுவாயினும் நின்றுவிடும். யூனிக்சில் இவ்வழுத்தத்தை முனையத்தின் இயக்கி உடனே கவனித்து நிரலுக்குக் குறிப்பு அனுப்புகிறது. டாசில் அப்படிக் கவனிப்பார் எவருமிலர். ஈமாக்சு அடுத்த உள்ளீட்டைக் கேட்கும்வரை அவ்வழுத்தம் வரிசையில் கிடக்கும். முடிவற்ற சுழலில் சிக்கிய கட்டளையோ உள்ளீட்டைக் கேட்கப்போவதே இல்லை. ஆனால் கன்ட்ரோல்-பிரேக் அழுத்தம் மட்டும் தனிக்கணினியின் அடிநிலை நிரலில் உடனடிக் குறுக்கீட்டை எழுப்பும். அதையே இரண்டாம் நிறுத்த விசையாக்கினார்கள்.

ஈமாக்சைக் கட்டியெழுப்புவதே தனிப்பாடு. யூனிக்சில் அதற்குரிய அமைவாக்க நிரல் கட்டளைச் செயலியின் மொழியில் எழுதப்பட்டது. டாசின் எளிய செயலிக்கு அம்மொழி விளங்காது. எனவே ஒரு தொகுதிக் கட்டளைக் கோப்பும், யூனிக்சுக்கென எழுதிய கட்டுமானக் கோப்புகளை வரிவரியாகத் திருத்தும் ஆணைப்பட்டியல்களும் எழுதப்பட்டன. கட்டுமானத்தின் இறுதிப்படி விந்தையானது. லிசுப்புக் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட ஈமாக்சு, தன் நினைவகத்தை அப்படியே புதிய இயங்குகோப்பாக வட்டில் எழுதிக்கொள்ளும். தளத்துக்குத் தளம் மாறும் இந்தச் சிக்கலான வேலையில் நற்பேறு ஒன்று அமைந்தது. டெலோரியின் மொழிமாற்றி ஆக்கும் கோப்புகள் யூனிக்சின் காஃப் வடிவையே கொண்டிருந்தன. அவ்வடிவுக்கான நிரல்பகுதி ஈமாக்சில் முன்பே இருந்தது.

இதுவரை டாசின் இல்லாமைகளையே சொன்னேன். திரையில் நிலை தலைகீழானது. யூனிக்சு முனையம் கம்பி வழியே எழுத்துகளைப் பெறும் தொலைக்கருவி. என்ன அனுப்பினோம் என்பது தெரியும், என்ன தெரிகிறது என்பதைத் திரும்பக் கேட்க இயலாது. குறைந்த எழுத்துகளை அனுப்பித் திரையைப் புதுப்பிக்க ஈமாக்சு நுட்பமான கணக்குகள் போட்டது. தனிக்கணினியின் எழுத்துத் திரையோ நினைவகத்தின் ஒரு பகுதி. 80 பத்தி, 25 வரி. ஓரிடத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட்டு, நிறத்துக்கு ஒரு பைட்டு. ஆக 4,000 பைட்டு. எழுதினால் அக்கணமே தெரியும், படிக்கவும் செய்யலாம். அதனால் டாசு ஈமாக்சில் வண்ண எழுத்தும், சுட்டியும், விரியும் பட்டிகளும் எழுத்துத் திரையிலேயே கிடைத்தன. அப்போது யூனிக்சின் எழுத்து முனையத்தில் ஈமாக்சு ஒரே நிறத்தில்தான் காட்சி தந்தது.

அங்கே வண்ணம் வர 2001ஆம் ஆண்டின் 21ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முனைய நிறங்களைக் கையாளும் லிசுப்புக் கோப்பை எழுதிய எலி சாரெட்சுகி, டாசு வடிவை நெடுங்காலம் பேணிவந்தவர். விரியும் பட்டிகளோ 2014இன் 24.4ஆம் பதிப்பில்தான் யூனிக்சு முனையத்துக்குப் போயின. அவற்றின் அடிப்படைக் கருத்துகள் டாசுக்கான நிரலிலிருந்து பெற்றவை என்று மூலக்கோப்பின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஆனால் டாசில் பட்டியை நேரே திரை நினைவகத்தில் வரைந்தார்கள். அந்த வழி யூனிக்சு முனையத்தில் இல்லை. எனவே திரையில் இருக்க வேண்டியவற்றுக்காக ஈமாக்சு தன்னுள் வைத்திருக்கும் எழுத்துருக் கட்டத்தில் முதலில் பட்டியை எழுதி, பிறகு அதை முனையத்துக்கு அனுப்பும்படி நிரலை மாற்றியமைத்தார்கள்.