கதிரியக்க நீரை என்ன செய்வது?

மழைக்காலத்தில் தேவதானப்பட்டிப் பக்கம் மஞ்சளாறு செந்நிறமாகக் கலங்கி ஓடும். அந்த நீரைக் குடத்தில் பிடித்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வையுங்கள். சில மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதே குடத்தில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துவிட்டால் என்ன ஆகும்? எத்தனை கொட்டை உரைத்தாலும் உப்பு படியாது. சேறு நீரில் மிதக்கிறது. உப்போ நீரில் கரைந்துவிட்டது.

சேறு, உப்பு, நீர் என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குள்ளான ஓர் அணுமின் நிலையத்தில் விஞ்ஞானிகள் எதிர்கொண்ட சிக்கலை இவற்றைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஓயாமல் பெருகிய நீர்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து சுனாமியும் ஏற்பட்டன. ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் மின்சாரம் நின்றது. குளிர்விக்க நீர் கிடைக்காமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

உருகிய எரிபொருள் பல ஆண்டுகள் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதன்மேல் நீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். எரிபொருளைத் தொட்ட நீரில் சீசியம், ஸ்டிரான்ஷியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் கலந்துவிடுகின்றன. இது போதாதென்று, மலைப்பக்கத்திலிருந்து வரும் நிலத்தடி நீரும் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 400 டன் வீதம் கட்டடங்களுக்குள் புகுந்தது. அதைத் தடுக்கச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணையே உறையவைத்து, பனிச்சுவர் எழுப்பினார்கள்.

நீரைச் சேமிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் எழுந்தன. 2013இல் ஒரு தொட்டியிலிருந்து சுமார் 300 டன் நீர் கசிந்தது. காலப்போக்கில் சேர்ந்த நீர் ஏறத்தாழ 13 லட்சம் டன். வைகை அணை கட்டப்பட்டபோது இருந்த கொள்ளளவில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இங்கே அளவைவிட, நீரில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

பிரித்தெடுப்பது எப்படி?

சில தனிமங்களை இரசாயனப் பொருள்கள் சேர்த்துச் சேறு போலப் படியவைக்கலாம். சீசியம் போன்றவை உப்பைப் போலக் கரைந்திருப்பவை. இவற்றைப் பிடிக்க ஜியோலைட் என்ற தாதுப்பொருள் உதவுகிறது. அதன் நுண்ணிய துளைகளில் சோடியம் அயனிகள் இருக்கின்றன. நீர் ஊடே செல்லும்போது ஜியோலைட் சோடியத்தை விட்டுவிட்டு, சீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதனால் கதிரியக்கம் அழிந்துவிட்டதா? இல்லை. அது நீரிலிருந்து ஜியோலைட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஜியோலைட்டைக் கலங்களில் அடைத்து, நெடுங்காலம் காவல் காக்கவேண்டும். சீசியம்–137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவதுதான் கடினமானது. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகவே ஆகிவிடுகிறது. நீரிலிருந்து நீரை எப்படி வடிகட்டுவது?

காய்ச்சி வடித்தால் என்ன என்று கேட்பீர்கள். டிரிட்டியம் கலந்த நீரும் சேர்ந்தே ஆவியாகும். அமெரிக்காவின் திரீ மைல் தீவு நிலையத்தில் 1979இல் விபத்து நடந்தது. அங்கு சேர்ந்த நீரைச் சுத்திகரித்தபின் 1991 முதல் 1993 வரை ஆவியாக்கினார்கள். டிரிட்டியம் காற்றில் கலந்தது.

ஃபுகுஷிமா தொட்டிகளில் இருந்த டிரிட்டியம் முழுவதையும் தனியே திரட்டினால் மூன்று கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். 13 லட்சம் டன் நீரில் பரவிக் கிடக்கும் அதைப் பிரிப்பது மிகக் கடினம். ஆகவே 2023 ஆகஸ்ட் 24 முதல், சுத்திகரித்த நீரைக் கடல்நீருடன் கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து கடலில் விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு 10,000 பெக்கரல்.

அப்படியும் ஜப்பானிய மீனவர் சங்கங்கள் எதிர்த்தன. சீனா ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொட்டிகளில் இருந்த நீரில் பெரும்பகுதி கடலில் விடத்தக்க அளவுக்குச் சுத்தமாகவில்லை என்பதை மின் நிறுவனம் 2018இல்தான் ஒப்புக்கொண்டது. அதை மீண்டும் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று.

நம் கடற்கரையில்

கல்பாக்கத்தில் முதல் அணுமின் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அங்கு சேரும் குறைந்த கதிரியக்கக் கழிவு நீரைப் படியவைத்து, சேற்றைச் சிமெண்டில் கலந்து இறுக்குகிறார்கள். தெளிந்த நீரை அளந்து பார்த்து, ஏராளமான கடல்நீருடன் கலந்து கடலில் விடுகிறார்கள்.

2003 ஜனவரி 21 அன்று, பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் கல்பாக்கம் ஆலையில் ஒரு வால்வு பழுதடைந்தது. கடும் கதிரியக்கமுள்ள கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டியில் புகுந்தது. ஆறு ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். கண்ணுக்கு இரண்டு நீரும் ஒன்றுதான். வேறுபாட்டைச் சொல்லக்கூடியது அளவிடும் கருவி மட்டுமே.

கதிரியக்கத்தை எந்த இரசாயனத்தாலும் அழிக்க முடியாது. அடைத்துவைத்துக் காக்கலாம், தானே குறையும்வரை காத்திருக்கலாம், நீர்க்கச் செய்து விடலாம். எதைச் செய்தாலும் சரியாக அளக்கவேண்டும். அளந்ததை மக்களுக்கு உள்ளபடி சொல்லவேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். இன்று ஒரு தொட்டியில் மூடிவைத்த டிரிட்டியத்தில் 123 ஆண்டுகளுக்குப் பின் எத்தனையில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்?

(விடை: 1,024இல் ஒரு பங்கு)