தேர்வறையில் தொலையும் நிமிடங்கள்

மாசி பிறந்தால் எமது நரம்பியல் புறநோயாளர் பிரிவில் பெற்றோரின் கேள்வி மாறிவிடுகிறது. மாத்திரையின் அளவைக் கேட்டவர்கள், “பரீட்சை எழுதும்போது வலிப்பு வந்துவிட்டால்?” என்று கேட்கத் தொடங்குகின்றனர். திரேஸ்புரத்து மீனவத் தாயும் துறைமுகத்தில் பணிபுரியும் தந்தையும் அஞ்சுவது இதனையே.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. வலிப்பு இரண்டு நிமிடங்களில் நின்றுவிடலாம். அதன்பின் வரும் குழப்பமும் களைப்பும் சில மணி நேரங்கூட நீடிக்கும். விழுந்து துடிக்கும் பிள்ளையை அறைக் கண்காணிப்பாளர் காண்பார். சில வினாடிகள் நினைவு தப்பி வெறித்து நோக்கும் பிள்ளையையோ, பகற்கனவு காண்பதாகவே எண்ணுவார். அவ்வகை வலிப்பு ஒரே நாளில் பலமுறை வரக்கூடும். சில மருந்துகளும் சிந்தனையின் வேகத்தைக் குறைக்கின்றன.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வில் கூடுதல் நேரத்திற்கும் சொல்வதை எழுதுபவருக்கும் வழிசெய்கிறது. அதன் 21 வகைகளுள் வலிப்பு நோய் தனியே பெயர் பெறவில்லை. நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்னும் பொதுத்தலைப்பு உண்டு. எழுதும்போது கை இறுகும் குறையுடைய விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு ஊனம் இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்கலாகாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனையொட்டி 2022 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் மணிக்கு 20 நிமிடம் ஈடுநேரம் அளித்தன. ஆயினும் எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளவர்க்கே. எம்மிடம் வரும் பிள்ளைகள் பலருக்குக் கை நன்றாகவே எழுதும். அவர்கள் இழப்பது நேரத்தை. இவ்விடைவெளி நியாயமன்று என்றே கருதுகிறோம்.

எனவே மருத்துவச் சான்று விரிவாக இருத்தல் வேண்டும். ‘வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்’ என்னும் ஒற்றை வரி போதாது. வலிப்பின் வகை, வரும் இடைவெளி, தெளிவு திரும்ப ஆகும் நேரம், மருந்தின் விளைவு ஆகியவற்றை எழுதித் தருமாறு கேளுங்கள். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் விண்ணப்பியுங்கள். பெண்பிள்ளையாயின் வரன் தடைபடும் என்று மறைப்போரும் உளர். அவர்களைப் பழிக்க எமக்கு மனமில்லை; ஆயினும் மறைத்த நோய்க்குச் சலுகை கேட்க இயலாது.

தேர்வறையில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துக் கிடத்துவதே முறை என்பதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடங்களைக் கடந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

தேர்வுக் காலத்தில் ஒருவேளை மருந்தும் தவறலாகாது, உறக்கமும் குறையலாகாது. படகு புறப்படும் வேளையில் வீடே விழித்துக்கொள்ளும் கரையோரத் தெருக்களில், பிள்ளையை மட்டுமாவது உறங்க விடுங்கள். இத்தனைக்குப் பின்னும் ஒரு தாள் எழுத முடியாமற் போனால், அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு எழுதலாம்.