இசிஜி அறிக்கையில் 'பிளாக்' என்று இருந்தால் ரத்தக் குழாய் அடைப்பா?

மும்பை: வேலைக்கான உடல்தகுதிச் சான்று, கண்புரை அறுவை சிகிச்சைக்கு முந்தைய சோதனை, காப்பீட்டுப் பரிசோதனை என ஏதோ ஒரு காரணத்துக்காக எடுக்கப்படும் இசிஜியில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்ற வரி அச்சாகி வருவது அரிதல்ல. திலக் நகர், செம்பூர், மாதுங்கா பகுதித் தமிழ்க் குடும்பங்களிலும், தமிழகத்தைப் போலவே, 'பிளாக்' என்றால் ரத்தக் குழாய் அடைப்பு என்றே பொருள் கொள்ளப்படுகிறது. உடனே ஆஞ்சியோகிராம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது.

இந்த 'பிளாக்' வேறு. மாரடைப்புக்குக் காரணமாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் அடைப்பு. இசிஜி அறிக்கை குறிப்பிடுவதோ, இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சமிக்ஞையின் பாதையில் ஏற்படும் தாமதம் அல்லது தடை. குழாயைக் குடிநீர்க் குழாயாகக் கொண்டால், இது வீட்டின் மின்கம்பி.

வலது மேலறையிலுள்ள சைனஸ் முடிச்சில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இந்தச் சமிக்ஞை பிறக்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி முடிச்சில் சற்றே தாமதித்து, வலது, இடது என இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. ஏவி முடிச்சை ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா ஜெர்மனியில் பணியாற்றியபோது கண்டறிந்து 1906-ல் விவரித்தார். இசிஜி கருவியை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிக்கையை ஓரளவு நாமே படிக்கலாம். வழக்கமான வேகத்தில் ஓடும் இசிஜி தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிவிநாடி. கீழறைகளின் மின்னோட்டத்தைக் காட்டும் கியூஆர்எஸ் அலை 3 சிறு கட்டங்களுக்குள் முடிய வேண்டும். அதை எட்டினாலோ மீறினாலோ ஒரு கிளையில் தடை இருக்கலாம். மேலறையிலிருந்து கீழறைக்குச் சமிக்ஞை சேரும் 'பிஆர்' இடைவெளி 5 கட்டங்களைத் தாண்டினால் அது முதல்நிலைத் தடை. கருவி தானாக அச்சிடும் விளக்கம் தவறாகவும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் பார்வை அவசியம்.

வலது கிளைத் தடை, அறிகுறி ஏதுமற்ற, நலமான பலரிடம் காணப்படுவதுண்டு. பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. முதல்நிலைத் தடை விளையாட்டு வீரர்களிடமும், பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரை உட்கொள்வோரிடமும் தென்படும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இடது கிளைத் தடை அப்படியல்ல. நெடுநாள் உயர் ரத்த அழுத்தம், இதயத் தசை பலவீனம், வால்வு கோளாறு ஆகியவை பின்னணியில் இருக்கலாம் என்பதால், புதிதாகக் கண்டறியப்பட்டால் எக்கோ பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

எந்தத் தடையாயினும், திடீரென நினைவிழந்து விழுந்திருந்தால் நிலைமை மாறிவிடும். 'காலையில் சாப்பிடவில்லை, அதனால் மயக்கம்' என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவதே இதில் பேராபத்து. மேலறைச் சமிக்ஞை கீழறையை அடையவே அடையாத முழுத் தடையில் துடிப்பு மிகவும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குத் தீர்வு பொதுவாக பேஸ்மேக்கர்தான். மயக்கம், மூச்சுத்திணறல், மிகக் குறைந்த நாடித்துடிப்பு ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவைக் குறித்த அச்சமும் உண்மையானதே. அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து அகற்றப்பட்டுத் தூய்மைப்படுத்தப்பட்ட 53 பேஸ்மேக்கர்கள் மும்பை பாந்த்ராவிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு நன்கு இயங்கியதாக 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய திட்டத்திலும் பேஸ்மேக்கர் சிகிச்சை இடம்பெற்றுள்ளது.

மருத்துவரைச் சந்திக்கும்போது பழைய இசிஜி தாள்களையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. தடை புதிதா, பல ஆண்டுகளாக இருப்பதா என்பதை அவற்றைக் கொண்டே எளிதில் அறிய முடியும்.