நான்கு ஆண்டு மௌனத்தை வென்ற விமானி

கே.கே. நகர்க்காரர்களான நமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. புதுக்கோட்டை சாலையில் உள்ள விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களை மொட்டை மாடியில் நின்று பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். "நானும் ஓட்டுவேனா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்ற பதில்தான் நம் தெருக்களில் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதிலை ஏற்க மறுத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர் பிறந்தது 1912இல். 13 வயதில் ஒரு சிறு விமானத்தில் ஏறிப் பறந்த அன்றே விமானியாவது என்று முடிவு செய்தார். 1932இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சக மாணவர்கள் சேர்ந்து அவரை ஒதுக்கிவைத்தார்கள். கடமை நிமித்தம் தவிர யாரும் அவரோடு பேசவில்லை. அவர் அறையில் தங்கவும் எவரும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நான்கு ஆண்டுகள். ஊர்விலக்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் கல்லூரியை விட்டு ஓடவில்லை. 1936இல் 276 பேரில் 35ஆவது இடத்தில் தேறினார்.

ஆனாலும் விமானப் பிரிவு அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவர் போருக்குத் தகுதி குறைந்தவர்கள் என்று 1925இல் ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கையே எழுதியிருந்தது. இரண்டாம் உலகப் போர் நெருக்கிய பிறகுதான் டஸ்கீகியில் தனிப் பயிற்சி தொடங்கியது. 1942 மார்ச்சில் தேறிய முதல் ஐவரில் டேவிஸும் ஒருவர்.

அவர் தலைமையேற்ற 99ஆவது படையணி போர்முனைக்குப் போன சில மாதங்களிலேயே, "இவர்களுக்குத் துணிச்சல் போதாது" என்று மேலதிகாரிகள் புகார் எழுதினார்கள். டேவிஸ் வாஷிங்டன் சென்று விசாரணைக் குழுவின் முன் நின்று பதில் சொன்னார். 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ வானில் அந்தப் படையணி இரண்டே நாளில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியது. அதே ஆண்டு ஜூனில் மியூனிக் நோக்கிச் சென்ற குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகத் தன் படையை நடத்திச் சென்றதற்காக டேவிஸுக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை விருது கிடைத்தது. படையில் இனப்பாகுபாட்டை ஒழிக்க 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். 1954இல் அமெரிக்க விமானப் படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார் டேவிஸ். 2002இல் மறைந்தார்.

நம் கதையும் இதற்குத் தூரமில்லை. பிரிட்டிஷாரின் பழைய மதராஸ் படையில் பறையர் சமூகத்து வீரர்கள் ஏராளமாக இருந்தார்கள். பிறகு 'போர்க்குடிகள்' என்ற கொள்கையைக் கொண்டுவந்து, தென்னாட்டாருக்கும் மகர்களுக்கும் வாசலைச் சாத்தினார்கள். சுபேதார் ராம்ஜியின் மகனான அண்ணல் அம்பேத்கர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943இல் உருவான சமார் ரெஜிமெண்டோ 1946இல் கலைக்கப்பட்டது. அதே 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒன்றுபோல் இருப்பதைச் சுட்டினார்.

இன்று சட்டப்படி எந்த வாசலும் சாத்தப்படவில்லை. ஆனால் தனியாரிடம் விமானி உரிமம் பெறப் பல லட்சம் வேண்டும். கூலி வேலை பார்க்கும் வீட்டுக்கு அதுவும் ஒரு பூட்டுதான். அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி உண்டு. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வு இது. தேர்வானால் பயிற்சிச் செலவு அரசுடையது. படைப்பணியில் இடஒதுக்கீடு இல்லை என்பதால், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கையும் ஆங்கிலத்தையும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை மாடியில் நின்று பிள்ளை கேட்டால், "நமக்கு எதுக்கு?" என்று சொல்லாதிருப்போம். "கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டு வா" என்போம்.