பருவநிலைப் பாடம் சொல்லும் பலகை விளையாட்டுகள்

பூமியின் வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் கட்டுப்படுத்த முயல வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம். பாடநூலில் இதைப் படிக்கும் மாணவருக்கு அது பெரும்பாலும் தேர்வுக்கான ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. அந்த எண்ணுக்கு உயிர் கொடுக்கும் முயற்சியாகவே பருவநிலை மாற்றம் குறித்த பலகை விளையாட்டுகள் உருவாகியுள்ளன.

நமக்கு நன்கு அறிமுகமான வடிவம் பரமபதம். அதே பாணியில் ஐக்கிய நாடுகள் அமைப்பு, நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை விளக்கும் 'கோ கோல்ஸ்' என்ற விளையாட்டைச் சிறுவர்களுக்காக வெளியிட்டுள்ளது. இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். எனினும், பரமபதத்தில் ஏற்றமும் இறக்கமும் பகடையின் கையில்தான். முடிவெடுக்கும் பொறுப்பு விளையாடுபவருக்கு இல்லை.

மாட் லீகாக், மத்தேயோ மெனாபாசே இருவரும் வடிவமைத்து 2023-ல் வெளியான 'டேபிரேக்' இங்குதான் வேறுபடுகிறது. அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, வளரும் நாடுகளைக் குறிக்கும் 'பெரும்பான்மை உலகம்' என நான்கு தரப்புகள் இதில் உண்டு. இந்தியாவின் இடம் நான்காவதில். காடும் கடலும் உறிஞ்சியது போக மிஞ்சும் கரியமில வாயு வெப்பமானியில் சேரும். வெப்பம் ஏற ஏற நெருக்கடிகளும் பெருகும். எந்தவொரு தரப்பின் மக்கள் அளவுமீறித் துயருற்றாலும் அனைவருக்கும் தோல்வி. எனவே ஒருவரை ஒருவர் வெல்ல இயலாது. சேர்ந்தே வெல்ல வேண்டும்.

மாற்று ஏற்பாடின்றி அனல்மின் நிலையங்களை மூடினால் மின்தேவை நிறைவேறாது. அதுவும் மக்களையே வதைக்கும். மின்னுற்பத்தியில் பெரும்பங்குக்கு இன்றும் நிலக்கரியை நம்பியிருக்கும் இந்தியாவில், மாணவர்கள் விவாதிக்க வேண்டிய சிக்கல் இதுவே. வரலாற்றில் அதிகம் உமிழ்ந்தவர் யார், விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியும் ஆட்டத்தின் நடுவே இயல்பாக எழக்கூடும். 2024-ல் ஜெர்மனியின் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரஸ்' விருதை இவ்விளையாட்டு பெற்றது.

சுற்றுச்சூழல் கல்வி குறித்து உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. 2020-ம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. ஆயினும் நடைமுறைத் தடைகள் சிறியவை அல்ல. வெளிநாட்டுப் பெட்டியின் விலை அரசுப் பள்ளிகளுக்கு எட்டாதது. ஒரு பெட்டியில் நால்வர் மட்டுமே ஆடலாம். ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில், தரப்புக்குப் பத்துப் பேர் எனக் குழு பிரித்து, இரண்டு பாடவேளைகளை இணைத்தால் இதை நடத்த முடியும்.