தனிமைப்படுத்தலுக்கு 500 பவுண்டு: 2021 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு யாருக்குக் கிடைத்தது?

இங்கிலாந்தில் கொரோனா காரணமாக வீட்டில் தனித்திருந்ததால் வருமானம் இழந்தவர்களுக்கு உள்ளூர் கவுன்சில்கள் வழியாக 500 பவுண்டு வழங்கும் திட்டம் 2020 செப்டம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. தனித்திருக்கும் விதிகள் 2021 ஆகஸ்ட் 16 அன்று தளர்த்தப்பட்டதால், இந்தத் தொகைக்குத் தகுதி உள்ளவர்கள் யார் என்பதில் குழப்பம் எழுந்தது. ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் போன்ற தமிழர்கள் கூடுதலாக வாழும் பகுதிகள் உட்பட இங்கிலாந்து முழுவதற்கும் அப்போது பொருந்திய அடிப்படை விதிகள் இங்கே தரப்படுகின்றன.

ஆகஸ்ட் 16 அன்று மாறியது என்ன?

தொற்றாளருடன் நெருங்கிய தொடர்பில் இருந்தவர் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டு 14 நாள் கடந்திருந்தால், அன்று முதல் தனித்திருக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்த விலக்கு இருந்தது. இவர்கள் பிசிஆர் பரிசோதனை செய்துகொள்ள அறிவுறுத்தப்பட்டனர். அது கட்டாயமாக இருக்கவில்லை. பரிசோதனையில் தொற்று உறுதியானவர் தடுப்பூசி போட்டிருந்தாலும் 10 நாள் தனித்திருந்தே ஆக வேண்டியிருந்தது.

அப்படியானால் தடுப்பூசி போட்டவருக்குப் பணம் கிடைக்கவில்லையா?

தொடர்பில் இருந்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் கிடைக்கவில்லை. சட்டப்படி தனித்திருக்க வேண்டியவருக்கே தொகை தரப்பட்டது. கடமை நீங்கியபோது உரிமையும் நீங்கியது. அதே நபருக்குப் பின்னர் தொற்று உறுதியானால், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு விண்ணப்பிக்க முடிந்தது.

இந்தியாவில் போட்ட தடுப்பூசி கணக்கில் வந்ததா?

வரவில்லை. ஐக்கிய இராச்சியத்தின் தடுப்பூசித் திட்டத்தில் போடப்பட்ட ஊசிகளுக்கே அப்போது விலக்கு இருந்தது. சென்னையில் இரு தவணையும் போட்டவர் இங்கே தொற்றாளருடன் தொடர்பில் இருந்தால், தடுப்பூசி போடாதவரைப் போலவே 10 நாள் தனித்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாள்களுக்கு உதவித்தொகை கோரவும் முடிந்தது.

அடிப்படைத் தகுதிகள் என்ன?

தேசிய சுகாதாரச் சேவையின் ‘டெஸ்ட் அண்ட் ட்ரேஸ்’ பிரிவு தனித்திருக்கச் சொல்லியிருக்க வேண்டியிருந்தது. விண்ணப்பதாரர் சம்பள வேலையிலோ சுயதொழிலிலோ இருப்பவராகவும், வீட்டிலிருந்து அந்த வேலையைச் செய்ய முடியாதவராகவும், அதனால் வருமானம் இழப்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது. இவற்றுடன் யுனிவர்சல் கிரெடிட், வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், பென்ஷன் கிரெடிட் போன்ற குறிப்பிட்ட அரசு உதவிகளில் ஒன்றையாவது பெறுபவராகவும் இருக்க வேண்டியிருந்தது. முதலாளி முழுச் சம்பளம் கொடுத்தால் இழப்பு இல்லை. எனவே தொகையும் கிடைக்கவில்லை.

அரசு உதவி எதுவும் பெறாத, ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்தின் நிலை?

கவுன்சிலின் விருப்புரிமை நிதியிலிருந்து அதே 500 பவுண்டைக் கோர முடிந்தது. குறைந்த வருமானம் எது, சேமிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியாக வகுத்திருந்தது. ஒரு தெருவின் இரு பக்கங்களும் இரண்டு கவுன்சில்களைச் சேர்ந்தவை என்றால், ஒரே நிலையில் உள்ள இரு குடும்பங்களுக்கு வெவ்வேறு பதில் கிடைக்கக்கூடியதாக இருந்தது. திட்டத்தின் பலவீனமான பகுதி இதுவே. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் கவுன்சில் வெளியிட்டிருந்த வரம்புகளைப் பார்ப்பது பயன் தந்தது.

‘சிக் பே’ எனும் நோய்விடுப்பு ஊதியம் கிடைத்தவர் இதைக் கோர முடியவில்லையா?

கோர முடிந்தது. சட்டப்படியான நோய்விடுப்பு ஊதியம் அப்போது வாரத்துக்கு 96 பவுண்டு 35 பென்ஸ் மட்டுமே; வழக்கமான சம்பளத்தைவிட அது குறைவாக இருந்தபோது வருமான இழப்பு உள்ளதாகவே கொள்ளப்பட்டது. வாரத்துக்குச் சராசரியாக 120 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு அந்த ஊதியமே கிடைக்கவில்லை. அவர்களும் 500 பவுண்டு கோர முடிந்தது.

கடை முதலாளி “பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம்” என்று சொன்னால்?

அது போதுமானதாக இருக்கவில்லை. டெஸ்ட் அண்ட் ட்ரேஸ் அறிவிப்பு இல்லாத நாள்களுக்குக் கவுன்சில் பொறுப்பேற்கவில்லை. அந்த நாள்களின் சம்பளம் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான விவகாரமாக இருந்தது. மாறாக, தனித்திருக்க வேண்டியவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வரவழைத்த முதலாளிக்கு 1,000 பவுண்டில் தொடங்கும் அபராதம் இருந்தது.

பிள்ளைக்குத் தொற்று வந்தால் பெற்றோர் கோர முடிந்ததா?

2021 மார்ச் 8 முதல் கோர முடிந்தது. தனித்திருக்கச் சொல்லப்பட்ட பிள்ளை 15 வயது அல்லது அதற்குக் குறைந்தவராக இருக்க வேண்டியிருந்தது. சிறப்புக் கல்வி, நலத் திட்டத்தின் கீழ் உள்ளவர் எனில் வரம்பு 25 வயதாக இருந்தது. பிள்ளையைக் கவனிப்பதற்காக வேலையை விட்டு வீட்டில் இருந்த ஒருவருக்கே தொகை கிடைத்தது, இருவருக்கும் அல்ல.

ஒரே வீட்டில் பலர் விண்ணப்பிக்க முடிந்ததா?

தகுதியுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க முடிந்தது. ஒரே நபர் மீண்டும் தனித்திருக்க நேர்ந்தால், முந்தைய நாள்களும் புதிய நாள்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாத வரை, மறுபடியும் கோர முடிந்தது.

எங்கே, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது?

வேலை செய்யும் இடத்துக் கவுன்சிலிடம் அல்ல, குடியிருக்கும் இடத்துக் கவுன்சிலிடம், அதாவது கவுன்சில் வரிக்கான பில்லை அனுப்பும் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தனிமையின் முதல் நாளிலிருந்து 42 நாளுக்குள் விண்ணப்பம் சேர வேண்டியிருந்தது. அப்போதைய அறிவிப்பின்படி திட்டம் 2021 செப்டம்பர் 30 வரை நீடிக்க இருந்தது.

என்னென்ன ஆவணங்கள் தேவைப்பட்டன?

டெஸ்ட் அண்ட் ட்ரேஸ் தந்த 8 இலக்க அடையாள எண், வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு போன்ற வேலைச் சான்று ஆகியவை தேவைப்பட்டன. சுயதொழில் செய்பவர் வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. தேசிய சுகாதாரச் சேவையின் கொரோனா கைப்பேசிச் செயலி தந்த எச்சரிக்கையால் தனித்திருந்தவர் அந்தச் செயலியிலிருந்தே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வசதி 2020 டிசம்பரில் சேர்க்கப்பட்டது.

இத்தொகைக்கு வரி இருந்ததா? மற்ற உதவிகள் குறைந்தனவா?

இத்தொகை வருமான வரிக்கு உட்பட்டிருந்தது. தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கவில்லை. பெற்றுவந்த மற்ற அரசு உதவிகள் இதனால் குறையவில்லை.

வெளிநாடு சென்று திரும்பித் தனித்திருந்தவர்களுக்கு?

பயணத்துக்கான தனிமைக்கு இத்திட்டம் பொருந்தவில்லை. பயணக் கட்டுப்பாடுகளின் சிவப்புப் பட்டியலில் அப்போது இருந்த இலங்கையிலிருந்து வந்து விடுதியில் 10 நாள் தங்கியோருக்கும், ஆகஸ்ட் 8 அன்று மஞ்சள் பட்டியலுக்கு மாற்றப்பட்ட இந்தியாவிலிருந்து வந்து வீட்டில் தனித்திருந்தோருக்கும் இந்த 500 பவுண்டு கிடைக்கவில்லை. வந்த பிறகு செய்த பரிசோதனையில் தொற்று உறுதியானால் மட்டும் நிலைமை மாறியது.