48 வளைவு, 2 ஃபேன்!

சைக்கிளில் ஆல்ப்ஸ் ஏற என்ன வேணும்? ‘தெம்பு வேணும் பாஸ்!’ என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெம்பைவிட பொறுமைதான் முக்கியம். (நான் இன்னும் போனதில்லை, என் கால்குலேட்டர் மட்டும் போய் வந்திருக்கு!)

இடம்: இத்தாலி - சுவிஸ் எல்லையோரம் இருக்கிற ஸ்டெல்வியோ கணவாய். உயரம் 2,757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டோனேகானி என்ற எஞ்சினீயர் 1820-25ல் போட்ட ரோடு. மேலே போக மூணு ரூட்:

* பிராட்டோ: 24 கி.மீ., 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை. 48ல் ஆரம்பித்து 1 வரை கவுன்ட்-டவுன்!

* போர்மியோ: சுமார் 21 கி.மீ. நடுவில் குகைப் பாதைகள் உண்டு. லைட் மறக்காதீங்க.

* சாண்டா மரியா: சுவிஸ் பக்கம். சுமார் 16 கி.மீ.தான், ஆனா ஏற்றம் இன்னும் செங்குத்து. உம்பிரைல் கணவாய் தாண்டி போர்மியோ ரோட்டில் சேரும்.

1953 ஜிரோ டி இத்தாலியா ரேஸில், சுமார் 2 நிமிடம் பின்தங்கியிருந்த ஃபாஸ்டோ கோப்பி, பிராட்டோ பக்கம் ஏறும்போதுதான் ஹ்யூகோ கோப்லெட்டைக் கழற்றிவிட்டார். ரேஸும் அவருக்கே! அந்த நினைப்பில் நாமும் ஆரம்பத்திலேயே கெத்து காட்டினால்?

இப்போ கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. பிராட்டோவிலிருந்து ஏற வேண்டியது சுமார் 1,840 மீட்டர். வேலை: 14.4 லட்சம் ஜூல். 3 மணி நேரத்தில் ஏறினால் சுமார் 134 வாட். அதாவது ரெண்டு ஹாஸ்டல் ஃபேனை நிற்காமல் ஓட்டுகிற சக்தி. 2 மணி நேரத்தில் ஏற ஆசைப்பட்டால் 200 வாட். காற்று, டயர் உராய்வு எல்லாம் தனி. பழக்கமில்லாத ஆள் 30-ம் நம்பர் பலகைக்குள் படுத்துடுவார்! வளைவுகள் உயரத்தைக் குறைக்காது. ரோட்டை நீட்டி, மெதுவாக ஏற வழி கொடுக்கும். அவ்வளவுதான். அதனால் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டு, முதல் மணி நேரம் ‘ரொம்ப ஸ்லோவோ?’ன்னு தோணுற வேகத்திலேயே மிதிங்க.

உச்சி தொட்டாச்சா? பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. சேர்த்துவைத்த அத்தனை ஜூலும் இறங்கும்போது திரும்பி வரும். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகி டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, அப்புறம் விட்டுடணும். கோடையிலும் மேலே பனி பெய்யும். விரல் விறைச்சா பிரேக் பிடிக்க முடியாது. கையுறையும் ஜாக்கெட்டும் கட்டாயம்.

மெதுவா ஏறுங்க... முழுசா இறங்குங்க!